புக்கிட் ரோத்தான் பக்கம் இருந்துகொண்டு வலசைப் பறவைகளைப் படம் பிடிக்க: முதல் பருவத்துக்கு ஒரு வழிகாட்டி

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "என்ன லென்ஸ் வாங்கலாம்?" இந்தக் கட்டுரையில் அது ஐந்தாவதாக வரும். பெரிய லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலை இறங்கிய நேரத்தில் கடற்கரைக்குப் போய், சேற்றுக்கு அந்தப் பக்கம் எள் இறைத்த மாதிரி நிற்கும் பறவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். நாளும் நேரமும் தெரிந்தவருக்குச் சின்னக் கேமராவே போதும்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (நம் ஆள்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள்) பக்கத் தோட்டங்களில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா நமக்கு மோட்டாரில் போய்வரும் தூரம். கோலாலம்பூர்க்காரர்கள் இருட்டோடு எழுந்து, டோல் கட்டி வருகிற இடம் அது. நமக்கு வாசலிலேயே இருந்தும், யாரைக் கேட்பது, எந்தக் கடிதம் யாருக்கு என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அது உங்களுக்கு வேண்டாம்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊரில் இலையுதிர்காலம் கிடையாது. வடக்கே, சைபீரியா, மங்கோலியா, வட சீனப் பக்கம் இலை உதிரும்போது அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் கிளம்பித் தெற்கே வருகின்றன. ஆகஸ்டில் முதல் கூட்டம் இறங்கும். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றும் முக்கியமான மாதங்கள். அப்புறம் மார்ச், ஏப்ரல் வரை பல இனங்கள் இங்கேயே தங்கும். ஆனாலும் முதல் மூன்று மாதங்களில் கிடைக்கும் படம் தனி. முன்னதாக வரும் முதிர்ந்த பறவைகளின் மேல் இனப்பெருக்கக் கால நிறம் இன்னும் மிச்சமிருக்கும். நவம்பர் கடைசியில் பார்த்தால் எல்லாம் சாம்பலும் பழுப்புமாகிவிடும், சேற்றோரம் மேயும் சின்ன உள்ளான்களில் எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வதே பெரும்பாடு.

செப்டம்பரில் கடற்கரைக்குப் போகும் முன் உங்கள் தோட்டத்து முள்கம்பி வேலியையும் ஒரு பார்வை பாருங்கள். கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை போட்ட பழுப்புக் கீச்சான் வந்து உட்கார்ந்திருக்கும். அது வந்துவிட்டால் பருவம் தொடங்கியது என்று கணக்கு.

இரண்டு எச்சரிக்கை. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சில ஆண்டுகளில் புகைமூட்டம் வரும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் உடம்புக்கும் ஆகாது, படமும் பால் ஊற்றியதுபோல் வெளிறிவிடும், வீட்டிலேயே இருங்கள். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே உங்கள் வேலை காலையிலேயே முடிய வேண்டும். தீபாவளியை ஒட்டிய விடுமுறையிலும் பள்ளி விடுமுறையிலும் கடற்கரையில் கூட்டம் நெரியும், அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

2. காலண்டரில் திதியைப் பாருங்கள்

மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுக் கரைப்பறவை) எல்லாம் சேற்றில் மேய்கிற பறவைகள். அலை இறங்கினால் சேறு விரியும், பறவையும் சேற்றோடு தூரமாகப் போய்விடும். அலை ஏறினால் மேய இடம் சுருங்கிச் சுருங்கிக் கரைப் பக்கம் தள்ளப்படும். நாம் ஓர் அடி கூட முன்னால் போக வேண்டாம், தண்ணீரே பறவையை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரியது. அந்த நாள்களில் கிள்ளான் பக்கம் நீர் உச்சிக்கு வருவது பெரும்பாலும் இருட்டு விலகாத விடிகாலையிலும் அந்தியிலும். அடுத்தடுத்த நாள்களில் அந்த உச்சம் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தள்ளிக்கொண்டே போகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை நம் பக்கம் சூரியன் எழுவது காலை 7 மணி வாக்கில். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: உச்சம் காலை ஏழரைக்கும் பத்துக்கும் இடையில் விழுகிற நாள்தான் உங்களுக்கு வேண்டியது. திதியில் சொன்னால் திருதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி. வளர்பிறையோ தேய்பிறையோ, இரண்டிலும் இந்த நான்கும் கைகொடுக்கும். சஷ்டிக்குள் ஏற்றம் குறையத் தொடங்கிவிடும், நீர் கரை வரை முட்டாது. அதனால் எனக்குப் பிடித்தது திருதியையும் சதுர்த்தியும்தான்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் திதி இருக்கும். அம்மா சதுர்த்தி விரதத்துக்குப் பார்க்கிற அதே தாள். அதில் நாளைக் குறித்துக்கொண்டு, மணியை மட்டும் அலை அட்டவணையில் சரிபாருங்கள். நில அளவை, வரைபட இலாகாவான ஜூப்பேமும் கடற்படையின் தேசிய நீர்நிலை ஆய்வு மையமும் ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகின்றன. கோலசிலாங்கூருக்குக் கிள்ளான் துறைமுகத்தின் நேரத்தையே எடுத்துக்கொண்டு, உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கரையில் இருங்கள்.

இன்னொன்று, இது மேற்குக் கரை. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் மேல் விழும். மாலையில் சூரியன் எதிரே வந்துவிடும், பறவை வெறும் நிழலுருவமாகத்தான் கிடைக்கும். சிலருக்கு அந்த நிழலுருவம் பிடிக்கும். இனத்தை அடையாளம் காட்டும் படம் வேண்டுமென்றால் காலைதான்.

3. இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாப் பறவையும் ஒரே இடத்தில் கிடைக்காது.

சேற்றுப் பறவைக்கு ஜெராம், பந்தாய் ரெமிஸ் கடற்கரை. பொது இடம், அனுமதி வேண்டாம், கட்டணம் இல்லை. மீன் உணவுக் கடைகள் திறப்பதற்கு முந்திய அமைதியான நேரமே நமக்கு வேண்டியது. தலை வழுக்கையாக, கிழவர் மாதிரி கூனி நிற்கும் பூரோங் பொத்தாக் நாரையும் இந்தக் கரையோரச் சேற்றில் இறங்கும்.

அலையாத்திக் காட்டுக்கும் ஏரிக்கும் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. புக்கிட் மெலாவாத்தி குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. 1987-இல் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் பாதுகாக்கப்பட்ட நிலம். ஏரியில் தண்ணீர் மட்டம் ஏறியிருந்தால் உள்ளான் இறங்காது, ஏமாற வேண்டாம். ஆனால் மீன்கொத்திக்கு இதைவிட நல்ல இடம் நம் பக்கம் இல்லை. வடக்கிலிருந்து வரும் கருந்தலை மீன்கொத்தி, சின்ன நீல மீன்கொத்தி, இங்கேயே வாழும் வெண்கழுத்து மீன்கொத்தி எல்லாம் கரையோரக் கிளைகளில் உட்காரும். வக்கா, சாம்பல் நாரை, செந்நாரை, மேலே செம்பருந்து. பார்வைக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து பேசாமல் இருந்தால் போதும்.

வயலுக்குத் தஞ்சோங் காராங், செகிஞ்சான். நெல் அறுத்து, உழுது, தண்ணீர் கட்டிய வயலில்தான் கொக்கும் உள்ளானும் கூட்டமாக இறங்கும். நாற்று உயர்ந்துவிட்டால் பச்சை மட்டும்தான் தெரியும். எந்தப் பகுதியில் உழவு நடக்கிறது என்று அங்கே தேத்தண்ணி குடிக்கும் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு: விடிந்ததும் ஜெராம், அலை உச்சம் முடிந்ததும் எங்காவது ஒட்டுக்கடையில் பசியாறல், அப்புறம் பூங்கா. பூங்காவின் கேட் எப்போது திறக்கும், பலகைப் பாதை திறந்திருக்கிறதா, எந்தக் கோபுரம் பழுது என்பதை முதல் நாளே போனில் கேளுங்கள். அலையாத்திக் காட்டில் மரப்பலகை சீக்கிரம் இற்றுப்போகும், அடிக்கடி ஏதாவது ஒரு பகுதியை மூடி வைப்பார்கள். விடிந்தவுடன் உள்ளே போய்விடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

4. கடிதமும் அனுமதியும்

பூங்காவுக்குப் பெரிய தாள் வேலை இல்லை. நுழைவுக் கட்டணம் சில வெள்ளிதான், சில்லறையாக வைத்திருங்கள். ஐசி (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும், பதிவுப் புத்தகம் இருந்தால் பெயர் எழுதுங்கள். கல்யாண ஜோடியைப் படம் எடுப்பது, விளம்பரப் படம், பள்ளிக் குழு என்றால் கதை வேறு. அதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம். வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் ஒரு பக்கம். அந்தச் சத்தத்துக்குக் கரையில் உள்ள மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விடும் என்பது இன்னொரு பக்கம்.

தலைவலி தருவது தனியார் நிலம். தோட்டத்துக்குள் இருக்கும் குளம், கரையோர மின்நிலையத்தின் சாம்பல் குளம், மீன் வளர்ப்புக் குளம் எல்லாம் அலை ஏறும்போது பறவைகள் ஒதுங்கும் இடங்கள். வெளியே இருந்து பார்த்தாலே ஆசை வரும். ஆனால் கேட்டில் ஜாகா (காவலாளி) நிற்பார்.

தோட்டத்துக்காரர்களின் பயம் என்னவென்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. செம்பனைக் குலை திருட்டு. மோட்டாரில் பெரிய பையோடு, விடிகாலையில், புதர் ஓரம் நிற்கிற ஆளை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு தோட்டத்துக்கு நான் கொடுத்த கடிதம் ஆபீஸ் மேசையிலேயே ஊறிக்கிடந்தது. மேனேஜர் பார்க்கவில்லை, அசிஸ்டென்ட் மாறிப் போய்விட்டார், மறுபடி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதற்குள் பருவமே முடிந்துவிட்டது. அதன் பிறகு கண்டுபிடித்த வழி இது: கடிதத்தை முதலில் ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) நேரில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே நாள் மாலை அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்துப் போன். ஆகஸ்டிலேயே தொடங்கினால் அக்டோபருக்குள் பதில் வரும். அக்டோபரில் தொடங்கினால் தீபாவளி, ஆண்டு இறுதி விடுமுறை என்று இழுத்துக்கொண்டே போகும்.

கடிதம் மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை:

உங்கள் முழுப் பெயர், ஐசி எண், முகவரி, கைப்பேசி எண். கூட வருகிறவர்களின் பெயரும் ஐசி எண்ணும். கடைசி நேரத்தில் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். வண்டி எண். எந்தெந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. ஒரு தேதிக்குப் பதிலாக மூன்று நான்கு தேதிகளைக் கேளுங்கள், மழை பெய்தால் மறுபடி எழுத வேண்டாம். விற்பனைக்கு இல்லை, பொழுதுபோக்குப் படம் என்ற ஒரு வரி. மருந்து அடிக்கும் நாள்களில் வரமாட்டோம், விபத்து நேர்ந்தால் பொறுப்பு எங்களுடையது என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் பெரும்பாலான மேனேஜர்களின் பேனாவை நகர்த்துகிறது.

இணைக்க வேண்டியவை ஐசி நகலும் வண்டி லைசன் நகலும். ஐசி நகலின் குறுக்கே "பறவைப் படம் எடுக்கும் அனுமதிக்கு மட்டும்" என்று மலாயில் எழுதிக் கோடு போட்டுக் கொடுங்கள். வேறெதற்கும் அந்த நகல் பயன்படாமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு.

அனுமதி கிடைத்தால் செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டியும் கண்ணில் படும். எலியைக் கட்டுப்படுத்த வைத்தது அது. பெட்டிக்குக் கீழே போய் நின்று பிளாஷ் அடிக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டையோ முட்டையையோ அனுமதியின்றி எடுப்பது குற்றம். நீங்கள் எடுக்காவிட்டாலும், உங்கள் படத்தில் உள்ள இடத்தைப் பார்த்து வேறு யாராவது வருவார்கள். பறவைக் கூட்டின் படத்தை எங்கும் போடாமல் இருப்பதே நல்லது.

5. கேமராவும் செலவும்

சரி, லென்ஸுக்கு வருவோம்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் சொல்வது மூன்று வழி. முதல் வழி, லென்ஸ் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமரா. நிக்கோன் பி950 மாதிரி ஒன்று 2000 மில்லிமீட்டர் வரை எட்டும். தூரத்தில் அசையாமல் நிற்கும் நாரைக்கு அருமை, பறக்கும் பறவைக்குத் திணறும். இரண்டாவது, லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா உடம்போடு சிக்மா அல்லது டம்ரோன் 150-600 மில்லிமீட்டர் லென்ஸ். பறவைக்காரர்களில் பாதிப்பேர் கையில் இதுதான். மூன்றாவது, வாடகை. முதல் பருவத்துக்கு எனக்குச் சரியென்று படுவது வாடகைதான். திருதியை, சதுர்த்தி என்று இரண்டு நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும். வாடகைக் கடைகளில் ஐசி நகலும் முன்பணமும் கேட்பார்கள். எடுக்கும்போதே லென்ஸின் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, வரிசை எண் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து, முன்பக்கம் கண்ணை வைத்துப் பாருங்கள். தூசி என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை. சிலந்தி நூல்போல் கிளை விட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் அது வளர்ந்துகொண்டே போகும். "இம்போர்ட் செட்" என்று விலை குறைத்துச் சொன்னால், உள்ளூர் வாரண்டி கிடையாது என்று பொருள். பழுது பார்க்கும் செலவையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

மற்ற செலவு அதிகம் இல்லை. நமக்கு டோல் வராது. மானிய விலைப் பெட்ரோலுக்கு மைகார்ட் வேண்டும் என்பதால் ஐசி எப்படியும் பையில் இருக்கும். ரப்பர் பூட்ஸ் பட்டணக் கடையில் வாங்காதீர்கள், தோட்டத்து ஆள்கள் வாங்கும் கடையிலேயே வாங்குங்கள், மலிவு, உழைக்கும். முக்காலியும் முதல் பருவத்தில் தேவையில்லை. சேற்றோரம் ஒரு பழைய உர மூட்டைச் சாக்கை விரித்து உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றினால் போதும்.

6. அந்தக் காலைப் பொழுது

காரில் போகிறவர்கள் ஏர்கோனுக்குப் பக்கத்தில் கேமராவை வைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடி வெளிக்காற்றில் பட்டதும் பனி மூடும், அது விலகுவதற்குள் சூரியன் ஏறிவிடும். பின்பெட்டியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மோட்டார்க்காரர்களுக்குக் கவலையே கிடையாது.

கேமரா அமைப்பைக் கிளம்பும் முன்பே போட்டு வையுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 விநாடி, நிற்பதற்கு 1/800 போதும். ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) தானியங்கியில் விட்டு, மேல் எல்லையை 3200-க்கு வையுங்கள். வெள்ளைக் கொக்கு கறுத்த சேற்றின் பின்னணியில் வந்தால் கேமரா ஏமாந்து அதிக வெளிச்சம் விடும், இறகு வெந்து வெள்ளையாகிவிடும். வெளிச்ச ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு படி வரை கீழே இறக்குங்கள்.

கரைக்கு வந்ததும் உட்காருங்கள். நின்றால் நீங்கள் ஆள், உட்கார்ந்தால் கல். பறவைகளின் கண்மட்டத்துக்கு வந்தால் படமும் தானாக அழகாகும். நீர் ஏற ஏற பவளக்காலிகள் வரிசையாகக் கரைக்கு நகரும். முதலில் மேய்ச்சல் நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக ஒரு காலை மடக்கி, அலகை முதுகு இறகுக்குள் செருகும். அதில் ஒன்று மட்டும் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அது அலகை வெளியே எடுத்து, கழுத்தை நீட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டினால் நீங்கள் நெருங்கியது போதும் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பு அது. ஓய்வு நேரத்தில் எழுப்பி எழுப்பிப் பறக்கவிட்டால் சேர்த்து வைத்த கொழுப்பு வீணாகும். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டுகிறவர்களையும் கல் எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களோடு சேர்ந்து போகாதீர்கள். கைப்பேசியில் குரலைப் போட்டு வரவழைப்பதும் அப்படித்தான்.

சேற்றுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். இங்கத்திய சேறு முழங்கால் வரை இழுக்கும், பின்னால் நீரும் ஏறிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு மேல் சூடான சேற்றுக்கு மேலே காற்று நெளியும். எந்த லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் படம் கலங்கலாகத்தான் வரும். பூங்காவின் நிழலுக்குப் போகச் சரியான நேரம் அது.

பூங்காவில் கொசு மொய்க்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சரசரப்பைக் கேட்டால் வந்துவிடும். ரொட்டியைக் கேமராப் பையில் வைக்காதீர்கள். கைப்பிடியைப் பிடிக்கும் முன் பார்த்துப் பிடியுங்கள், அலையாத்தி விரியன் கிளையோடு கிளையாகச் சுருண்டிருக்கும்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

குளிக்கும் முன் கேமராவைத் துடையுங்கள். கடற்காற்றின் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பை, பிறகு காய்ந்த துணியால். உலர் அலமாரி வாங்க வசதி இல்லையென்றால், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி மூன்றும் போதும். உள்ளே ஈரம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கேமராவோடு வந்த தோல் பையிலேயே பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

அன்றே பறவைப் பட்டியலை ஈபேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள். இலவசம். தேதி, இடம், எண்ணிக்கை போதும். அடுத்தவர் ஏற்றிய பட்டியலைப் பார்த்து, இந்த வாரம் எந்தக் கரையில் என்ன இறங்கியிருக்கிறது என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம். அடையாளம் தெரியாத உள்ளானை "உள்ளான் இனம்" என்றே போடுங்கள், ஊகித்துப் பெயர் வைக்க வேண்டாம்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அலை உச்சத்தில் கரையில் நின்று எண்ணும் வேலை. தொலைநோக்கியும் பொறுமையும் இருந்தால் புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். கூட நிற்கிற பழைய ஆள்களிடம் ஒரே காலையில் கற்றுக்கொள்ளக்கூடியது நிறைய. மலேசிய இயற்கைக் கழகத்தின் சிலாங்கூர்க் கிளையில் டிசம்பர் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.